அடுக்களைக்குள் அரசாங்கம்



அமெரிக்காவில் 2023 ஜனவரி 9 அன்று ஓர் அதிகாரியின் பேட்டி வெளியானது. ரிச்சர்ட் ட்ரம்கா ஜூனியர் என்பது அவர் பெயர். அப்போது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். கடைகளில் விற்கும் தொட்டில், பொம்மை, ஏணி, அடுப்பு என்று பலவற்றையும் கண்காணிக்கிற மத்திய அமைப்பு அது. கேஸ் அடுப்பு மறைந்திருக்கும் ஆபத்து, எந்த வழியையும் நாங்கள் ஒதுக்கவில்லை, பாதுகாப்பாக ஆக்க முடியாத பொருளைத் தடைசெய்யவும் முடியும் என்ற பொருளில் அவர் பேசினார். நாடு கொந்தளித்துவிட்டது. டெக்சஸைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரானி ஜாக்சன், என் பிணத்தின் கையிலிருந்துதான் அடுப்பைப் பிடுங்க முடியும், வந்து பாருங்கள் என்று சமூக ஊடகத்தில் சவால் விட்டார். இவர் முன்பு வெள்ளை மாளிகையில் அதிபர்களுக்கு மருத்துவராக இருந்தவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நுரையீரலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

இரண்டே நாளில் ஆணையத்தின் தலைவர் அறிக்கை விட்டார். அடுப்பைத் தடைசெய்யும் எண்ணம் எனக்கு இல்லை, ஆணையத்திடமும் அப்படி எந்த நடவடிக்கையும் இல்லை என்றார். தடையை ஆதரிக்கவில்லை என்று வெள்ளை மாளிகையும் சொன்னது. ஆனாலும் கொந்தளிப்பு அடங்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் கீழவை, அடுப்பைக் காப்பாற்றுவதற்கென்றே இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளில் கையெழுத்திட்ட எரிசக்தி ஆணையில், மக்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் காக்க வேண்டிய சாதனங்களின் பட்டியலில் பல்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் இவற்றோடு கேஸ் அடுப்பும் இடம்பெற்றது. ஓர் அடுப்பு இத்தனை தூரம் பயணம் போனது இதற்கு முன் நடந்ததில்லை.

இந்தக் கூச்சலின் சாரம் என்ன? 'என் அடுக்களைக்குள் அரசாங்கம் வராதே' என்பதுதான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. எனக்கும் என் வீட்டுச் சமையலறையில் அதிகாரி வந்து நிற்பது பிடிக்காது. ஆனால் அரசாங்கம் அங்கே புதிதாக நுழையவில்லை. எப்போதோ வந்துவிட்டது. எதற்காக வந்தது என்று பார்த்தால்தான், இந்தச் சண்டையில் எல்லோரும் எதை விட்டுவிட்டார்கள் என்பது புரியும்.

டெக்சஸிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே எண்ணெய் வயல்களுக்கு நடுவே நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்ப் பணத்தில் கட்டிய பெரிய பள்ளிக்கூடம். எண்ணெய் எடுக்கும்போது கூடவே வரும் வாயுவை அக்காலத்தில் கழிவு என்று எரித்துவிடுவார்கள். அந்தக் கழிவுக் குழாயில் ஓர் இணைப்பைப் போட்டு இலவசமாக எடுத்துக்கொள்வது அந்த வட்டாரத்தில் சாதாரண வழக்கம். பள்ளி நிர்வாகமும் மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்த அப்படியே செய்தது. வாயு கசிந்து கட்டடத்துக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் தேங்கியது. இயற்கை எரிவாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பிள்ளைகளுக்குத் தலைவலி வந்ததாகச் சொன்னார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல் மூன்று மணி கடந்தது. தச்சுப் பட்டறை வகுப்பில் ஆசிரியர் ஒரு தேய்ப்பு இயந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டார். ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

சில வாரங்களுக்குள் டெக்சஸ் சட்டமன்றம், வாயுவில் நாற்றம் கலந்தே விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு அது நாடெங்கும் பரவி, உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டு சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றும்போது ஓர் அழுகல் வாடை வருகிறதே, அது வாயுவின் வாடை அல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அளவோடு கலக்கிறார்கள். அந்த வாடைதான் சமையலறைக்குள் வந்த அரசாங்கம். 'கலப்படமில்லாத வாயுவை வாங்கும் என் சுதந்திரம் என்ன ஆனது' என்று இன்று வரை ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொன்று, சத்தமே இல்லாமல் நடந்தது. பழைய அமெரிக்க அடுப்புகளில் பைலட் சுடர் என்று ஒன்று உண்டு. பர்னரைப் பற்றவைப்பதற்காக இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும் சிறு சுடர். சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் எரியும். அந்த வாயு வீண், வரும் புகை வீட்டுக்குள். மத்திய எரிசக்தித் துறை 2009-இல் இறுதி செய்த விதிப்படி, 2012 ஏப்ரல் 9 முதல் அப்படித் தொடர்ந்து எரியும் சுடரோடு புதிய கேஸ் அடுப்பு தயாரிக்கக் கூடாது. மின் இணைப்பே இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்றொரு கேள்வி எழுந்தது. பாட்டரியில் பொறி உண்டாக்கலாம் என்று பதில் சொன்னார்கள். அதோடு முடிந்தது விவகாரம். அடுப்பின் ஒரு பாகத்தையே அரசாங்கம் தடைசெய்தது, யாரும் பிணத்தின் கையைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் 2023-இல் மட்டும் ஏன்?

காரணம், இப்போது பேச்சு கசிவைப் பற்றியது அல்ல, நன்றாக எரியும் சுடரைப் பற்றியது. நாம் எல்லோரும் நீலச் சுடர் என்றால் சுத்தம் என்று நினைத்து வளர்ந்தவர்கள். கரி பிடிக்காத பாத்திரம்தான் நமக்குச் சான்று. ஆனால் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சுடரின் வெப்பத்தில் அந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்கின்றன. அப்படித்தான் நைட்ரஜன் டை ஆக்சைடு பிறக்கிறது. அடுப்பு பழுதானதால் வருவது அல்ல இது. எவ்வளவு விலையுயர்ந்த அடுப்பானாலும் சுடர் இருந்தால் இது இருக்கும். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், இளைப்பு உள்ளவர்களுக்கு இளைப்பைக் கிளப்பும். போதாக்குறைக்கு, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீனும் கேஸ் சுடரிலிருந்து வருவதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்து காட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம். தெருவில் உள்ள காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் சட்டம் உண்டு. ஒரு மணி நேர அளவாக நூறு கோடிக்கு 100 பங்கு என்று 2010-இல் வகுத்தார்கள். அதைத் தாண்டினால் மாநிலம் பதில் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து வீட்டுக்குள் போய்விட்டால் அந்தச் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே எவ்வளவு இருந்தாலும் கேட்க நாதியில்லை. பக்கத்து நாடான கனடா 2015-இல் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கென்றே ஒரு வழிகாட்டு அளவை வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்கு 90, நெடுங்காலச் சராசரியாக 11. கட்டாயச் சட்டம் அல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் ஓர் எண் இருக்கிறது. எண் இருந்தால் கட்டடப் பொறியாளருக்கு எதை எட்ட வேண்டும் என்று தெரியும்.

இனி, அறிவியல் எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி. ட்ரம்கா பேட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, 2022 டிசம்பரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்கக் குழந்தைகளின் ஆஸ்துமாவில் 12.7 விழுக்காட்டுக்குக் கேஸ் அடுப்பு காரணம் என்றது. எல்லாத் தொலைக்காட்சியும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. அது யாரும் வீடு வீடாகப் போய் அளந்து எடுத்த எண் அல்ல. ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் இடர் மதிப்பை, கேஸ் அடுப்பு வைத்திருப்போரின் விகிதத்தோடு சேர்த்துப் போட்ட கணக்கு. அதற்கு அடித்தளமான 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, கேஸில் சமைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடு கூடுதல் என்று சொல்லியிருந்தது. அதே 2013-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு 47 நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தது. கேஸுக்கும் ஆஸ்துமாவுக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. எரிவாயு நிறுவனங்கள் இந்த இரண்டாவதை மட்டும் தூக்கிப் பிடிக்கின்றன. எதிர்ப்பாளர்கள் முதலாவதை மட்டும்.

என் கருத்தைக் கேட்டால், 12.7 என்ற அந்தத் தசமப் புள்ளியை நான் நம்ப மாட்டேன். ஆனால் மூடிய சிறிய அறையில் சுடர் எரிந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு ஏறும் என்பது கருவி வைத்து அளந்த உண்மை. அந்த வாயு கெடுதி என்பதிலும் சந்தேகமில்லை, இல்லாவிட்டால் தெருவுக்கு மட்டும் எதற்கு ஒரு சட்டம்? 2024-இல் ஸ்டான்ஃபோர்டு குழு இன்னொன்றையும் காட்டியது. 800 சதுர அடிக்குக் குறைவான வீட்டில் வாழ்பவர், 3,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டில் வாழ்பவரைவிட நான்கு மடங்கு இந்த வாயுவைச் சுவாசிக்கிறார். சமைத்து முடித்த பின்னும் படுக்கையறைகளில் மணிக்கணக்கில் அது தங்குகிறது. அடுப்பு ஒன்றுதான். வீட்டின் அளவுதான் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கிறது. இந்த ஆய்வைப் பற்றித்தான் தொலைக்காட்சிகள் கத்தியிருக்க வேண்டும்.

சரி, அரசாங்கங்கள் என்ன செய்தன? இங்கேதான் பெர்க்லி வருகிறது. கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகத்தால் பெயர்பெற்ற ஊர். அதன் நகரமன்றம் 2019 ஜூலையில் ஒருமனதாக ஒரு விதியை இயற்றியது. புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் இணைப்பு கிடையாது. இருக்கிற வீடுகளில் இருக்கிற அடுப்பை யாரும் தொட மாட்டார்கள். நாட்டிலேயே முதல் விதி அது. பிறகு பல நகரங்கள் அந்த வழியில் போயின.

கவனியுங்கள், பெர்க்லியின் முக்கிய நோக்கம் ஆஸ்துமா அல்ல, பருவநிலை. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது. 2022-இல் கலிஃபோர்னியாவின் 53 வீடுகளில் அளந்தபோது, அடுப்புகள் வெளியிடும் மீத்தேனில் முக்கால் பங்குக்கு மேல் அடுப்பு அணைந்திருக்கும்போதே கசிவது தெரிந்தது. ஆனால் அமெரிக்க வீடுகள் எரிக்கும் வாயுவில் சமையலுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும். அப்படியிருக்க அடுப்பை ஏன் இழுக்கிறார்கள்? வெந்நீர்க் கொதிகலனை யாரும் நேசிப்பதில்லை. அடித்தளத்தில் எங்கோ கிடக்கும் அதை மாற்றினால் வீட்டாருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அடுப்பின் மேல்தான் பாசம். அந்தப் பாசம் இருக்கும்வரை குழாய் வீட்டுக்குள் இருக்கும், குழாய் இருந்தால் கொதிகலனும் இருக்கும். எரிவாயு நிறுவனங்கள் இதை நன்றாக உணர்ந்தவை. கேஸில் சமைப்பதைப் பெருமையாகக் காட்டும் விளம்பரத்தை அவை 1930-களிலிருந்தே வளர்த்துவந்தன.

பெர்க்லிக்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் கலிஃபோர்னிய உணவகங்களின் சங்கத்தார். சுடர் இல்லாமல் சீன வாணலியில் வதக்க முடியுமா, காய்கறியைச் சுட முடியுமா என்றார்கள். அந்த மாநிலத்தில் குடியேறிய நம்மவர்களும் கத்தரிக்காயைச் சுடுவதற்கு இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் நீதிமன்றத்தில் வாணலி எடுபடவில்லை. வழக்கு ஒரு பழைய சட்டத்தின் வாசகத்தில் தொங்கியது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு 1975-இல் இயற்றி, பின்னால் திருத்தங்களால் வளர்ந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டம் அது. குளிர்சாதனப் பெட்டிக்கும் அடுப்புக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு தர அளவு வைத்தால் தயாரிப்பாளர்கள் தவித்துப்போவார்கள். எனவே இந்தச் சாதனங்களின் எரிசக்திப் பயன்பாட்டைப் பற்றி மாநிலமோ நகரமோ விதி செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

நாங்கள் அடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே, குழாயைப் பற்றித்தானே சொன்னோம் என்றது நகரம். கீழமை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2023 ஏப்ரலில் அதை மாற்றினார்கள். குழாயை நிறுத்தினால் அடுப்பு பயன்படுத்தும் வாயுவின் அளவு பூஜ்யம் ஆகிறது, பூஜ்யமும் ஓர் அளவுதான், எனவே இது எரிசக்திப் பயன்பாட்டு விதியே என்பது தீர்ப்பின் தர்க்கம். கெட்டிக்காரத்தனமான வாதம். சரியான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளருக்கான தர அளவைப் பற்றிய சட்டம், தெருவில் குழாய் பதிப்பதையும் ஆளுமா? அதே நீதிமன்றத்தின் நீதிபதி மிஷெல் ஃப்ரீட்லாண்டும் அப்படித்தான் எழுதினார். 2024 ஜனவரியில் மறுவிசாரணை மறுக்கப்பட்டபோது, நீதிபதியாக இருந்த ஏறத்தாழ பத்தாண்டுகளில் இப்படியொரு மறுப்புக்கு மாறுபட்ட கருத்து தாம் எழுதியதே இல்லை என்று தொடங்கி, பிற நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றக் கூடாது என்றார். அவருடைய மாறுபாடு சட்டமாகாது. இரண்டு மாதத்தில் பெர்க்லி தன் விதியைக் கைவிட ஒப்புக்கொண்டது.

நியூயார்க் மாநிலம் 2023-இல், புதிய கட்டடங்களை முழுக்க மின்சாரத்தில் இயக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. உணவகங்களுக்கு விலக்கு உண்டு. அங்கே ஒரு மத்திய நீதிமன்றம் 2025-இல் பெர்க்லி தீர்ப்பை ஏற்காமல் மாநிலத்தின் பக்கம் நின்றது. எதிர்த்தவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், மாநிலமும் அமலாக்கத்தைத் தள்ளிவைத்தது. மறுபக்கம், 2020-இல் அரிசோனா தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், எங்கள் நகரம் எதுவும் எரிவாயுவைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டன. கொலராடோ 2025-இல் கடையில் விற்கும் கேஸ் அடுப்பில் காற்றின் தரம் பற்றிய அறிவிப்புச் சீட்டு ஒட்டச் சொன்னது. உடனே தயாரிப்பாளர் சங்கம் பேச்சுரிமையைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு சீட்டுக்கே இந்தப் பாடு.

நெதர்லாந்தில் இது எப்படி நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018 ஜூலை முதல் அங்கே புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை. அந்நாட்டின் க்ரோனிங்கன் பகுதியில் நிலத்தடி வாயுவை எடுத்து எடுத்து நிலம் அதிர ஆரம்பித்திருந்தது. 2012-இல் 3.6 அளவில் ஒரு நிலநடுக்கம், வீட்டுச் சுவர்கள் பிளந்தன. பிளந்த சுவரைப் பார்த்த மக்களுக்குச் சட்டத்தின் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. பெர்க்லியில் காட்டுவதற்குச் சுவர் இல்லை.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, கலிஃபோர்னியாவின் கட்டட விதியில் ஒரு சிறிய அட்டவணை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி எந்த அரசியல்வாதியும் ட்வீட் போட்டதாக நான் காணவில்லை. நாம் சிம்னி என்கிறோமே, அடுப்புக்கு மேலே வைக்கும் புகையுறிஞ்சி, அதன் திறன் பற்றியது அது. 750 சதுர அடிக்குக் குறைந்த புதிய வீட்டில் மின் அடுப்பு என்றால் நிமிடத்துக்கு 160 கன அடி காற்றை அது வெளியேற்ற வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் 280. 1,500 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டிலோ மின் அடுப்புக்கு 110, கேஸுக்கு 180. சிறிய வீட்டுக்குப் பெரிய விசிறி! யார் அதிகம் சுவாசிக்கிறார்களோ அவர்களுக்கு அதிகப் பாதுகாப்பு. இந்தத் துறையில் நான் பார்த்த விதிகளிலேயே அறிவுள்ள விதி இதுதான் என்பேன். அடுப்பை யாரும் எடுக்கவில்லை, குழாயை அடைக்கவில்லை. வருகிற நச்சு வெளியே போகட்டும் என்றது, அவ்வளவே.

இதில் குறை என்னவென்றால், புதிய வீட்டுக்கு மட்டும்தான். பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு இது கிடைக்காது. அங்கே அடுப்பைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரர், சுவாசிப்பது குடியிருப்பவர். பல வீடுகளில் அடுப்புக்கு மேல் மைக்ரோவேவோடு சேர்ந்த ஓர் உறிஞ்சி இருக்கும். அது காற்றை இழுத்து, வடிகட்டி, மறுபடியும் முகத்திலேயே விடும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் நிற்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படியே திரும்பி வரும். அதே ஊரில் ஓர் உணவகம் தொடங்கப் போனால், வெளியே திறக்கும் குழாயும் தீயணைப்பு ஏற்பாடும் கொண்ட உறிஞ்சி இல்லாமல் உரிமம் கிடைப்பது நடக்காது. சமையல்காரருக்கு நாம் கொடுத்த காற்றை, வீட்டில் சமைக்கும் தாய்க்குக் கொடுக்கவில்லை. கேஸ் அடுப்புக்கு ஆதரவாகவும் எதிராகவும் செலவான பணத்தில் ஒரு பகுதியை வாடகை வீடுகளின் புகைபோக்கிக்குச் செலவிட்டிருந்தால் பயன் உடனே தெரிந்திருக்கும் என்பது என் தீர்ப்பு.

நம் ஊருக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்பது சரி. நமக்கு கேஸ் என்பது விடுதலையாக வந்தது. விறகுப் புகையில் கண்ணெரிந்த பெண்களுக்கு சிலிண்டர் செய்த நன்மையை எந்த ஆய்வும் குறைத்துவிட முடியாது. விறகோடு ஒப்பிட்டால் கேஸ் பல மடங்கு மேல் என்றுதான் உலக ஆய்வுகளும் சொல்கின்றன. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க 2016 மே மாதம் தொடங்கிய மத்தியத் திட்டத்தை, அமெரிக்காவில் நடப்பதைக் காட்டிக் குறைசொல்வது மடமை. நம் அடுப்புக்கும் விதிகள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காடு பாத்திரத்துக்குப் போக வேண்டும். கசிவு என்றால் 1906-ஐ அழைக்கலாம். ஆனால் இவை எரிபொருள் மிச்சத்தையும் வெடிவிபத்தையும் பற்றியவை. சிலிண்டர் வாயுவானாலும் குழாய் வாயுவானாலும் சுடர் சுடர்தான், நைட்ரஜன் இங்கேயும் அதே நைட்ரஜன்தான். அந்தக் காலத்துச் சமையலறையில் ஓட்டுக் கூரையும் புகைக்கூண்டும் இருந்தன. இன்றைய 600 சதுர அடி ஃபிளாட்டில் ஏ.சி.க்காகச் சன்னலை அடைத்துவிட்டுத் தாளிக்கிறோம்.

எனவே ஒரே ஒரு வேண்டுகோள். வீடு கட்டுகிறவர்கள், ஃபிளாட் வாங்குகிறவர்கள் கிரானைட்டின் நிறத்தைப் பேசி முடித்த பிறகு பொறியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அடுப்புக்கு மேல் இருக்கும் குழாய் எங்கே போய்த் திறக்கிறது? வெளிச்சுவரில் அதற்கு ஓட்டை விடாமல் கட்டியிருந்தால் சாவி வாங்குவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். கடைக்காரர் குழாயே தேவையில்லாத சிம்னி என்று ஒன்றைக் காட்டுவார், பார்க்க அழகாகவும் இருக்கும். அதை வாங்காதீர்கள். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், குடியிருப்பவர் கேட்பதற்கு முன்பே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் கொடுங்கள்.